கப்பலடி

...இன்னும் அரை மணித்தியாலம், அதற்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லத்தான் வேண்டும், ஆனால் எந்த வாயால் சொல்வது என்று சுக்கானைப் பிடித்தபடி கோணாமலை தவித்தான். வள்ளத்தின் முன்பக்கம் றஊப் சேர், கம்பஸ் மாணவர்களுக்குக் கடலைப் பற்றிப் படிப்பிக்கிறவர், மடியில் வரைபடம், கையில் பென்சில், காலடியில் சுழியோடுகிற சாமான்கள் போட்ட பை, அதன் வாயைக் காலையில் இவன் பெண்சாதி யோகம்மாதான் கயிற்றால் இறுக்கி முடிந்து கொடுத்தாள், நனையாமல் இருக்கட்டும் என்று. எங்கே போகிறோம் தெரியுமா சேர், கப்பலடிக்கு... சண்டைக் காலத்தில் குண்டு பட்டு மூழ்கிய கப்பல், அதன் இரும்பில் முப்பது வருசத்து அறுந்த வலைகள் தொங்குகின்றன, வலையைக் கழற்றிவிட்டு வாறேன் என்று குதித்த ஊர்க்காரன் வீரசிங்கம் நாலு வருசமாய் வரவில்லை. அங்கேதான் இவர் இறங்கிப் பார்க்கப் போகிறாராம், சள்ளி ஊரே அங்கேதான் மீன் பிடிக்கிறது என்று வரைபடம் சொல்கிறதாம்.

வரைபடத்துக்கு அதைச் சொன்னது யார்? இந்தக் கோணாமலைதான். போன வருசம் சேர் பதினைந்து மாணவர்களோடு வந்து பத்து நாள் தங்கினார், சேறு நாறிக் கிடந்த ஊர்க் கிணற்றை இறைத்துக் கட்டித் தந்தார்கள், கதிரை போட்டும் இருக்காமல் பாயில் சம்மணமிட்டு யோகம்மாவின் மீன் சொதியைக் கேட்டு வாங்கிக் குடித்தார், எவ்வளவு நல்ல மனுசன். கடைசி நாள் வரைபடத்தை விரித்து, "அண்ணை, ஆகலும் நல்லா மீன் படுற இடம் எது?" என்று கேட்டார், இவன் யோசிக்கவே இல்லை, "கப்பலடி" என்றான். அதைப் பொய் என்றும் சொல்ல ஏலாது, இந்தக் கரையில் எங்கே பிடித்தாய் என்று யார் கேட்டாலும் அதுதான் மறுமொழி, மச்சான் கேட்டாலும் அதுதான், கேட்டவனும், இடத்தைச் சொல்லமாட்டான் என்று விளங்கி, சிரித்துக்கொண்டு போய்விடுவான்... இவர் சிரிக்கவில்லை, எழுதினார். பிறகு வீடு வீடாய்ப் போய்க் கேட்டார், பதினெட்டு வீடும் கப்பலடி என்றது. உண்மையில் மீன் இருப்பது வடக்கே, பாரில், தண்ணிக்கடியில் கிடக்கிற கற்திட்டில், பதினெட்டு அடுப்பும் அந்தக் கல்லை நம்பித்தான் எரிகிறது, அது கடதாசியில் ஏறினால் அடுத்த பருவம் பெரிய மெசின் வள்ளங்கள் வந்து வழித்துக்கொண்டு போய்விடும், பிறகு ஊரில் யார் முகத்தில் முழிப்பது? சொல்லாவிட்டால்? கிண்ணியாவில் இவருக்கு மனைவி ஜெமீலா இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு என்று யோகம்மா நேற்றுத்தான் சட்டை தைத்து முடித்தாள்... கை தன்பாட்டில் சுக்கானைத் திருப்பி வள்ளத்தை வடக்கே விட்டது, கோணேசர் மலை மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது, என்ன செய்கிறாய் கோணாமலை, ஊரை விற்கிறாயா, இல்லை, ஒரு உயிர், ஒரு உயிரல்லவா... பாருக்கு நேரே வந்ததும் மெசினை நிற்பாட்டினான்.

"இதுதான் சேர் கப்பலடி."

இரண்டாவது பொய். சேர் மலையைப் பார்த்தார், திசைகாட்டியைப் பார்த்தார், வரைபடத்தில் கப்பலடி என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு விரலை வைத்து மெல்ல வடக்கே நகர்த்தினார், வள்ளத்தின் அடியில் தண்ணீர் சளக் சளக்கென்று அடித்தது.

"எங்கட வாப்பாவும் மீன் பிடிச்ச ஆள்தான் அண்ணை," என்றார் தலை நிமிராமல், "ஆர் கேட்டாலும் கப்பலடி எண்டுதான் சொல்லுவார்."

அப்படியென்றால் தெரியும், போன வருசமே தெரியும்... தெரிந்துகொண்டா எழுதினார்? பாரை யாரும் தேடி வராதபடி காப்பாற்றத்தான் எழுதினாரா, இல்லை இன்றைக்கு என் கையாலேயே இங்கே கொண்டுவர வைக்கவா? கேட்கலாம், கேட்டால் சொல்லுவார், ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. கோணாமலை குனிந்து அவர் காலடியைப் பார்த்தான், யோகம்மா போட்ட முடிச்சு போட்டபடியே கிடந்தது, அவர் அதைத் தொடவே இல்லை. பென்சில் மட்டும் இன்னும் கையில் இருந்தது.