ஓ, யூ, ஜி, எச் குடும்பம்

என் நாத்தனார் பல் டாக்டர். எழுத்துக்கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டத்தில் ஆறு வருடமாக என்னை மண்ணைக் கவ்வ வைத்தவள். அகராதியையே கரைத்துக் குடித்தவள். நானோ சலவைக் கடைக்காரி. இந்த வருடம் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஜெயிக்கிற ஒருத்திக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். எனக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெறியோடு வேண்டும்.

அகராதி முழுவதையும் படிக்க எனக்கு ஏது நேரம்? ஒரே ஒரு குடும்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஓ, யூ, ஜி, எச் நான்கும் அதே வரிசையில் வரும் சொற்கள். துணி மூட்டைகளில் எண்ணுக்குப் பதில் ஆளுக்கொரு சொல்லை எழுதிக் கட்டினேன். இருமலைக் குறிக்கும் 'காஃப்' நர்ஸுக்கு, வறட்சியைக் குறிக்கும் 'ட்ரவுட்' தோட்டக்காரருக்கு. குழாய் ரிப்பேர்க்காரருக்குக் கிடைத்தது 'க்ரஃப்'. சதுப்பு நிலத்தில் மழைத்தண்ணீர் அரித்த வாய்க்கால் என்று பொருள். அவர் கடை வாசலில் நின்று அதைச் சொல்லும்போதெல்லாம் நாய் உறுமுகிறதோ என்று தெருவே திரும்பிப் பார்க்கும். கடை உருப்பட்ட மாதிரிதான் என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. நான் பதினான்கு புள்ளி பின்னால். என் கையில் ஜி, ஏ என இரண்டே கட்டை. நாத்தனாரிடம் மூன்று. அடுத்த முறை அவள் அவற்றை வைத்துவிட்டால் என் கதை முடிந்தது. அவள் சற்றுமுன் வைத்த 'ரஃப்' பலகையில் இருந்தது. ஆர், ஓ, யூ, ஜி, எச். அதைப் பார்த்ததும் குழாய்க்காரரின் மூட்டை கண்ணுக்குள் வந்து நின்றது.

முன்னால் ஜி-யை வைத்தேன். கை நடுங்கி, கட்டை பலகையில் தடதடத்தது. பதினொரு புள்ளி.

நாத்தனார் பலகையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். இல்லாத சொல்லை வைத்து மாட்டிக்கொள்வதில் நான் பேர் போனவள். அவள் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டாள். சொல் தப்பென்றால் என் புள்ளி போகும். சரியென்றால் அவள் தன் அடுத்த முறையை இழப்பாள்.

நடுவர் கணினியில் தட்டினார். திரை பச்சையானது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தே ஏ-யை வைத்து ஏழு புள்ளி எடுத்து ஆட்டத்தை முடித்தேன்.

நாத்தனார் முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடாமலே கேட்டாள்.

"கை ஏண்டி அப்படி நடுங்குச்சு? அதப் பாத்துதானே பொய்னு நெனச்சேன்."

"பொய் வெக்கிறப்பல்லாம் நடுங்கினதே இல்லக்கா. இன்னைக்குத்தான் ஜெயிச்சுடுவேன்னு தெரிஞ்சுது."