சுத்தமான பதினொரு கிலோமீட்டர்

காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் பதினொரு கிலோமீட்டர் ரோட்டில், வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளை எண்ணுவது என் வேலை. காலை ஆறரைக்குத் தொடங்குவேன். நடந்துகொண்டே பார்க்க வேண்டும். வண்டியில் போனால் தவளைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். கிடப்பதைக் குச்சியால் புரட்டி, என்ன விலங்கு, குட்டியா வளர்ந்ததா என்று பார்த்து, படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்வேன். ஆய்வகத்தில் எனக்கு ‘எமனுக்குக் கணக்குப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் மாதம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் வருடம் முன்னூற்றுப் பன்னிரண்டு. அதை வைத்து எங்கள் பேராசிரியர், இரவில் ரோட்டை மூட வேண்டும் என்று, காட்டுச் சாலைகளைப் பற்றி முடிவெடுக்கும் அரசுக் குழுவிடம் கேட்டார். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் மறுத்தார்கள். மூடுவதற்குப் பதிலாக விலங்குகள் கடந்து போக ரோட்டுக்கு அடியில் ஒரு சுரங்கவழி கட்டித் தருகிறோம் என்றார்கள். கடைசியில் அதைக் கட்டி ஒரு வருடம் பார்ப்பது என்று முடிவானது. சாவு பாதிக்குக் கீழே குறைந்தால் ரோடு திறந்தே இருக்கும். குறையாவிட்டால் இரவில் மூடப்படும். எண்ண வேண்டியது நான்தான்.

இரண்டாம் வருடம் நாற்பத்தேழு.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுரங்கவழிக்குள் நான் கட்டிவைத்த கேமராவில் விழுந்தவை இரண்டு தெருநாய்கள், ஒரு முயல், மழைக்கு ஒதுங்கிய ஒரு காதல் ஜோடி. விலங்குகள் கேமராவுக்குப் பயந்து ஓரமாகப் போகும் என்று பேராசிரியர் சொன்னார். நான் நம்பினேன். நல்ல செய்தியை யார்தான் தோண்டித் துருவிப் பார்க்கிறார்கள்? கட்டுரை வெளிவந்தது, அதில் என் பெயர் முதலில் இருந்தது. எண்ணிக்கை குறையக் குறைய, வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அதைத்தான் முதலில் சொல்வேன். அவரும் பள்ளிக்கூட மார்க் கேட்பதுபோல் ‘இன்னைக்கு எத்தனை?’ என்று கேட்பார்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா போன பிறகு சமையல் அவருடையது. அவர் ரோடு சுத்தம் செய்யும் தொழிலாளி. எனக்குத் தெரிந்தவரை ஊர்ப்பக்கத்துப் பகுதியில்தான் அவருக்கு வேலை.

குழுவின் கூட்டம் திங்கட்கிழமை. சுரங்கவழியை விடியல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வரச் சொல்லி பேராசிரியர் என்னை அனுப்பினார். சனிக்கிழமை, வழக்கத்துக்கு மாறாக ஐந்தரைக்கே போய்விட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். குனிந்து ஒரு முள்ளம்பன்றியைச் சாக்கில் உருட்டிப் போட்டுவிட்டு, நிமிரும்போது இடுப்பில் கை வைத்தார். அந்தக் கை வைப்பு எனக்குத் தெரியும்.

“இங்க என்னப்பா பண்றீங்க?”

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் அவர் முழிக்கவில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். போன வருடம் ஒரு கூட்டாளியிடம் கேட்டு இந்தப் பகுதிக்கு மாற்றிக்கொண்டாராம். நாலரைக்கே வந்து, கிடப்பதையெல்லாம் எடுத்துச் சரிவுக்கு அந்தப் பக்கம் புதைத்துவிடுவாராம். கூட்டிப்போய்க் காட்டினார். மண் பல இடங்களில் அமுங்கியிருந்தது. நான் எண்ணிய நாற்பத்தேழும் இருட்டில் அவர் கண்ணுக்குத் தப்பியவை, அல்லது அவர் போன பிறகு செத்தவை.

“நீ டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவந்துட்டிருந்தே. ஒரு வருஷம் பார்த்தேன். ரத்தத்தைப் பார்த்துட்டு உனக்கு எப்படிம்மா சோறு இறங்கும்?”

“மொத்தம் எத்தனைப்பா?”

“நான் எண்ணல. எண்ணுறது உன் வேலையாச்சே.” என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குக் குழப்பம் வந்துவிட்டது. “குறையணும்னுதானே நீ பாடுபட்டே? குறைஞ்சிருக்குன்னு வந்து சொன்ன அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தே. அதுக்கப்புறம்தான் இன்னும் சீக்கிரமா வர ஆரம்பிச்சேன்.”

நான் படம் எடுக்கவில்லை.

அன்றைக்கே பேராசிரியரின் அறைக்குப் போனேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. அப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டார். ஒன்றரை என்றேன். இது வெளியே தெரிந்தால் அவர் வேலை போகும், கட்டுரை போகும், உன் பட்டமும் தொங்கலில் நிற்கும் என்று வரிசையாகச் சொன்னார். திங்கட்கிழமை வாயைத் திறக்காமல் இருந்தால் மூன்று பேரும் பிழைத்தோம் என்றார்.

“விலங்குங்க சார்?”

“அதுங்க கட்டுரை படிக்கிறதில்லம்மா.”

வீட்டில் அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பேராசிரியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போகும் என்ற இடத்தில் அவர் கை ஒரு கணம் நின்றது, பிறகு தேய்க்கத் தொடங்கியது.

“எழுதிக் குடுத்துடு. நான் பண்ணினதுதானே,” என்றார். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எழுதினா ராத்திரியில ரோட்டை மூடிடுவாங்கல்ல?” என்று கேட்டார்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, கூட்டம் தொடங்கும் முன்பே கடிதத்தைக் கொடுத்தேன். பேராசிரியர் அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. குழுவில் இருந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதைப் படித்தார்கள். ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்பாவும் பெண்ணும் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதற்குக் கேட்டார் என்று அப்போது புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரே தபாலில் இரண்டு உறைகள் வந்தன. அப்பாவுக்கு வந்தது சின்னது: ஆய்வுக்குரிய தடயங்களை அகற்றியதற்காகப் பணிநீக்கம். அவர் கேட்டுக்கொண்டதால் அதை வாய்விட்டுப் படித்தேன். தலையாட்டினார். “உனக்கு வந்ததையும் படி,” என்றார்.

என்னுடையது இரண்டு பக்கம். இரண்டாம் வருடக் கணக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது. முதல் வருடத்தையும் அதே நபர் எண்ணியிருப்பதாலும், ஒரே குடும்பத்தினர் சம்பந்தப்பட்டிருப்பதாலும், அதையும் ஏற்க இயலாது. ஆகவே இந்த ரோட்டில் விலங்குகள் இறப்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் தற்போது இல்லை. ஆதாரம் இல்லாத நிலையில் இரவுப் போக்குவரத்தை நிறுத்த முகாந்திரமில்லை.

அப்பா தன் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் படித்த அந்த அரசாங்க நடையில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும்.

“அப்ப ரோட்டை மூட மாட்டாங்களா?”

“மாட்டாங்கப்பா.”

“அப்ப எதுக்கும்மா எழுதினே?”

கோபமாகக் கேட்கவில்லை. நான் படித்தவள், அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உண்மை என்று ஒன்று இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லப்போவதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.