கோதுமைப் பாத்தி

"டீச்சர், களைன்னு தெரிஞ்ச பிறகும் ஏன் பிடுங்காம விடச் சொன்னாரு?"

ஞாயிறு பள்ளியில், கோதுமையையும் களையையும் அறுவடைவரை சேர்ந்தே வளரவிடச் சொல்லும் இயேசுவின் உவமையைச் சொன்னபோது கோயில் பணியாளரின் மகள் இப்படிக் கேட்டாள். ஏழு வயது, எல்லோருக்கும் அவள் 'வாலு'. அவசரப்பட்டால் களையோடு கோதுமையும் போய்விடும் என்றேன். அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை. சரி, வளர்த்தே காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

ஆலயத்தின் பின்புறம் வேதாகமத் தோட்டம் வந்தது அப்படித்தான். அத்தி, மாதுளை, திராட்சை, கடுகு. ஒவ்வொன்றின் அடியிலும் வசனம் எழுதிய பலகை. நடுவில் கோதுமைப் பாத்தி. அதில் கோதுமையைப் போலவே முளைக்கும் களையையும் கலந்து விதைத்தேன். வாலுவின் அப்பாதான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். சனிக்கிழமைதோறும் வளாகத்தில் புல் செதுக்குவது அவர் வேலை. அந்தப் பாத்தியில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று மூன்று முறை சொல்லியிருந்தேன்.

"சம்பளம் குடுத்து களை வளர்க்கிற கோயில் நம்மளது ஒண்ணுதான் டீச்சர்" என்று சிரித்தார்.

பேராயர் பார்வையிட வருகிறார் என்றதும் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. பாத்தி காடு மாதிரி தெரிந்தது. முந்தின நாள் மாலை நானே உட்கார்ந்து, களை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி ஒழுங்குபடுத்தினேன். பேராயர் பாராட்டிவிட்டுப் போனார்.

கதிர் விட்டபோதுதான் உண்மை தெரிந்தது. பாத்தி நிறையக் களை. கோதுமையை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். போதகர் பணியாளரைப் பார்த்தார். புல் செதுக்குகிறவர் அவர்தானே. நான் வாய் திறக்கவில்லை.

"நான் இன்னும் கவனமா இருந்திருக்கணும் ஐயா" என்றார் அவர்.

இனித் தோட்டத்துக்குள் அவர் போக வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. உங்கப்பாவுக்குக் கோதுமைகூடத் தெரியாதா என்று பிள்ளைகள் வாலுவைக் கேலி செய்தார்கள். அவள் சில வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிறகு வரவே இல்லை. அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவோம் என்றே பதினைந்து வருடங்களை ஓட்டிவிட்டேன்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் வீடு தேடிப் போனேன். சொன்னேன்.

"தெரியும் டீச்சர். குழாயடியில நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

"பிள்ளைங்க முன்னாடி நீங்க தலை குனியலாமா? எனக்கென்ன, தினமும் குனியறதுதானே வேலை."

சிரிக்க முயன்று இருமினார். அந்த மாதமே அடக்கம் செய்தோம். வெளியூரில் செவிலியாக இருக்கும் வாலுவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் இல்லை. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

போன வாரம் ஆலய அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவு ஒன்றைத் தேடும்போது, அந்த வருடத்துக் கமிட்டிக் குறிப்பேடு கையில் அகப்பட்டது. 'பணியாளரின் கவனக்குறைவால் கோதுமைப் பாத்தி அழிந்தது' என்று இருந்தது. அறையில் வேறு யாருமில்லை. ஓரத்தில், 'பிடுங்கியது பணியாளர் அல்ல, நான்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். மை காயும்வரை நின்றுவிட்டு, குறிப்பேட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.