ஹிசாயோ இருந்த தளம்

ஜப்பானின் வடக்கே ஹச்சினொஹே மீன் சந்தையில் முப்பத்தைந்து வருஷம் கூவி விற்றவள் கினுவே. புற்று வந்து குரல்வளையை எடுத்த பிறகு கழுத்தில் ஒரு துளையும் அதை மறைக்க ஒரு பருத்தித் துணியும் மிஞ்சின. மூச்சு அந்தத் துளை வழியாகப் போய்வந்தது. பேச்சு போனது போனதுதான். ஆனாலும் கடையை விடவில்லை. விலையை அட்டையில் எழுதி வைத்துவிட்டுக் கணவாயை வகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு வாங்க வந்தவர்கள் கத்திக் கத்திப் பேசினார்கள்.

"முன்னெல்லாம் உன் வாயை மூட மாட்டியான்னு சாமியக் கும்பிட்டிருக்கேன்டி. அதுக்காக இப்பிடியா கேட்டுத் தொலைக்கணும்?" என்றாள் பக்கத்துக் கடை தோமி. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

புருஷன் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் மிவாகோ செந்தாய் நகரத்திலிருந்து வந்தபோது அம்மாவின் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள்.

"இது ஒரே கம்பெனியோடது இல்லம்மா. ஆளாளுக்கு ஒரு தளம் வச்சு நடத்துறாங்க. உன்னைச் சேத்துவிட்டது குரல்வளை எடுத்தவங்களுக்குன்னே இருக்கிற தளம். ஷிமோதான்னு ஒருத்தர் நடத்துறார், அவருக்கும் குரல் இல்ல. இங்க இருந்தே மத்த தளத்து ஆளுங்களோடயும் பேசிக்கலாம்."

பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த சிறு பலகையில் கினுவே எழுதிக் காட்டினாள்: "எங்க தட்டணும்? அதை மட்டும் சொல்லு."

இரண்டு வாரம் மற்றவர்கள் எழுதியதைப் படித்தாள். பிறகு ஒருநாள் தானும் எழுதினாள்: "குளிக்கிறப்ப தண்ணி துளைக்குள்ள போயிருச்சு. செத்தேன்னே நெனச்சேன்."

உடனே ஒரு பதில் வந்தது. "எனக்கும் போச்சு. இப்ப நான் குடை பிடிச்சுக்கிட்டுத்தான் குளிக்கிறேன்."

அவள்தான் ஹிசாயோ. ஜப்பானிலேயே தெற்கே இருக்கும் கொச்சி மாகாணத்து மலைச்சரிவில் தம்பியோடு யுசு எலுமிச்சைத் தோப்பு வைத்திருந்தவள். அவளுக்கும் குரல்வளை கிடையாது. ஆனால் அவள் இருந்தது பூனை வளர்ப்பவர்களின் தளம். ஏன் அங்கே என்று கினுவே கேட்டதற்கு, "நோயாளிங்களோடவே உக்காந்திருந்தா நோயாளியாவே ஆயிருவேன்" என்று எழுதினாள். எந்தத் தளமாக இருந்தால் என்ன என்று கினுவேவும் விட்டுவிட்டாள். காலை ஐந்து மணிக்குக் கடை திறக்குமுன் ஒருவருக்கொருவர் நாலு வரியாவது எழுதிக்கொள்வார்கள். காற்றை விழுங்கி ஏப்பமாக்கிப் பேசப் பழகிக்கொண்டிருப்பதாக ஹிசாயோ எழுதினாள்; ஒரு மாதத்தில் தன் பேரைச் சொல்ல வந்துவிட்டதாம். அந்தக் குரலைப் பதிவு செய்தும் போட்டிருந்தாள்.

"தவளைக்கு உன்னை விட நல்ல தொண்டைடி" என்று கினுவே எழுதினாள். அது ஜூன் பத்தாம் தேதி.

பன்னிரண்டாம் தேதி காலையில் ஹிசாயோ இல்லை. அவள் எழுதியவை எதுவுமே இல்லை. பேரைத் தேடினால் அப்படி ஒருவர் கிடையாது என்று வந்தது. கினுவே மறுபடியும் தேடிப் பார்த்தாள். விளையாட்டாகச் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விட்டாளே! தன் பக்கத்திலேயே மூன்று முறை மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை.

கினுவே பலகையில் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு தோமி சொன்னாள்: "முகத்தைக்கூடப் பாக்காத பொம்பளைக்காகவா இந்தப் பாடு? ரோஷக்காரி, போனா போறா விடு."

கினுவேவுக்கும் ரோஷம் உண்டு. மிவாகோவிடமும் கேட்கவில்லை. கோடை முழுக்க அந்தச் செயலியைத் தொடவே இல்லை.

நவம்பரில் மனசு பொறுக்காமல் ஷிமோதாவுக்கே எழுதினாள். கொச்சி ஹிசாயோ ஏன் போய்விட்டாள், உங்களுக்காவது தெரியுமா என்று.

"அவங்க போகல அக்கா. அந்தப் பூனைத் தளத்துல ஒருத்தன் நம்ம ஆளுங்க கழுத்துப் படத்தை எடுத்துப் போட்டுக் கேலி பண்ணிக்கிட்டே இருந்தான். அதை நடத்துறவருக்கு மூணு தடவ எழுதினேன், கண்டுக்கவே இல்ல. அதனால ஜூன் பதினொண்ணுல அந்தத் தளத்தோட நமக்கு இருந்த தொடர்பையே அறுத்துட்டேன். அங்க எழுதுறது இங்க தெரியாது, இங்க எழுதுறது அங்க தெரியாது. அறிவிப்பு வந்திருக்குமே?"

வந்திருந்தது. ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டிருந்தாள்.

"ஒரு பய பண்ணதுக்கு ஊரையே கொளுத்துவியா?" என்று தட்டினாள்.

மறுநாள் பதில் வந்தது. "அவன் போட்ட படத்துல ஒண்ணு உங்களோடது அக்கா."

புண் ஆறவில்லை, என்ன மருந்து போடலாம் என்று கேட்டு மே மாதம் அவள் போட்ட படம். கினுவே போனைக் கவிழ்த்து வைத்தாள். ஷிமோதாவைத் திட்டவும் வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை.

செயலியில்தான் பார்க்க முடியாது, வெளியிலிருந்து பார்க்கலாம் என்று அவர் ஹிசாயோவின் பக்கத்துக்கு முகவரி அனுப்பியிருந்தார். அதைத் திறந்தாள். எல்லாம் அங்கேயே இருந்தது.

"கினுவே, ரெண்டு நாளா ஏன் வரல? கணவாய் நெறய வருதா?"

"தவளைன்னதுக்கு நான் கோவப்படலடி, சிரிச்சேன். பதிலுக்கு நான் ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா?"

ஜூலையில்: "நுரையீரலுக்குப் போயிருச்சாம். தம்பிக்கு இன்னும் சொல்லல, அவன் இதெல்லாம் பாக்க மாட்டான். உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

ஆகஸ்டில்: "பதில் போட வேணாம். படிச்சியான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

கடைசியில் இருந்தது தம்பி எழுதியது. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி அக்கா காலமானார், பழகியவர்களுக்கு நன்றி என்று இரண்டே வரி.

பூனைத் தளத்தில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்க கினுவேவுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு படியாக எழுதி அனுப்பியவர் ஷிமோதாதான். தம்பியின் அந்த இரண்டு வரிக்குக் கீழே, நடந்ததையெல்லாம் எழுதினாள். தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் ஒரு நாளும் அவளை வெறுக்கவில்லை என்று எழுதினாள்.

நாலாம் நாள், சந்தையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பதில் வந்தது. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"கடைசி வாரம் அக்காவால போனைப் பிடிக்க முடியல. ஹச்சினொஹேக்காரி எழுதினாளான்னு தினம் காயிதத்துல கிறுக்கிக் காட்டுவா. நான் பாத்துட்டு இல்லன்னு தலையாட்டுவேன். ஆமான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்ப தோணல."

கினுவே அழுதாள். துளை வழியாகக் காற்று வேகவேகமாகப் போய்வந்தது, துணி நனைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி நின்ற தோமி, "அயிலை, அயிலை, இப்பதான் எறங்குச்சு!" என்று கூவிக்கொண்டிருந்தாள்.