திரையில் கசிந்த காயல்

1981-ஆம் ஆண்டு கர்க்கடக மாதத்து மழையில் காயலில் மூழ்கிப்போன வள்ளக்காரன் அப்பு, அடுத்த ஆண்டு விஷு கழிந்த வாரத்தில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலுள்ள ஒரு மிளகுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் திரையில் கண் திறந்தான். திரையின் கீழ்விளிம்பிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. அன்று மிளகு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பம்பாயிலிருந்து வரவழைத்தவர் மேனேஜர் சிவராமகிருஷ்ணன். விலையின் ஏற்ற இறக்கத்தை வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் படமாகக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதை இயக்க, பக்கத்துச் சேர்லாயில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, கணிதம் படித்த நீலாம்பாளை வேலைக்கு எடுத்தார். திரையில் ஒரு வளைகோடு விழ வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் கணக்கிட்டுப் பக்கம் பக்கமாக எண்களை எழுத வேண்டியிருந்தது. ஓர் எண் பிசகினால் படம் முழுக்கச் சிதறும். பொறுக்க முடியாமல் அவள் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கத் தொடங்கினாள். அதற்கு ‘வர’ என்று பெயர் வைத்தாள். மலையாளத்தில் கோடு என்று அர்த்தம். ‘வளை’ என்று தட்டினால் கோடு வளைந்தது, ‘சாய்’ என்றால் சாய்ந்தது. இருக்கிற சொற்களைக் கோத்துப் புதுச்சொல் ஒன்றைக் கற்பித்துவிட்டால் மெஷின் அதை மறப்பதில்லை. இரண்டு வருஷம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் கணவன் வாஞ்சிநாதன் எர்ணாகுளம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாயங்காலப் படகில் திரும்பி, அவள் வரும்வரை கம்பெனி வாசலில் நிற்பான்.

அந்த 1981 கர்க்கடகத்தில் ஒருநாள் காற்று பலத்து சர்வீஸ் படகை நிறுத்திவிட்டார்கள். நீலாம்பாள் வெளியே வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று வாஞ்சிநாதன் அப்புவின் வள்ளத்தில் ஏறினான். வள்ளம் கவிழ்ந்தது. இருவர் உடலும் கிடைக்கவில்லை. வாஞ்சிநாதனுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்தார்கள்.

அப்புவின் மனைவி அம்மிணி, அதே கம்பெனியின் கிடங்கில் மிளகு புடைப்பவள். அவனைத் தேட போலீஸ்காரர்கள் போட்டோ கேட்டார்கள். அப்பு ஆயுளில் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. அவள் மாடியேறி வந்து கதவருகே நின்றாள்.

“சேச்சி, அந்தப் பெட்டியில நீங்க படம் வரைவீங்கல்லே? எங்க ஆளை ஒண்ணு வரைஞ்சு தரணும்.”

நீலாம்பாளுக்கு உடம்பு பற்றியெரிந்தது. தன் புருஷனைக் கொண்டுபோய்த் தண்ணீரில் மூழ்கடித்தவன் அவன். ஆனாலும் வெறுப்பதற்கு அவளுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, சம்மதித்தாள். கன்னம் இங்ஙனை இல்ல, கொஞ்சம் ஒட்டி இருக்கும் என்பாள் அம்மிணி. அந்த ஒரு திருத்தத்துக்காக நீலாம்பாள் பக்கங்களைக் கிழித்து மறுபடி எழுதுவாள். கடைசியில், அம்மிணி சொல்வதை அப்படியே தட்டினால் போதும் என்னும்படி மொழியையே பிரித்துக் கட்டினாள். ‘ஒட்டு’ என்ற சொல் அப்படித்தான் அதில் சேர்ந்தது. மழைக்காலம் போய்ப் பனியும் போனபோது அம்மிணி தானே நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டத் தொடங்கியிருந்தாள். விஷு கழிந்து கண் திறந்த அப்பு அம்மிணியைப் பார்த்தான். நீலாம்பாள் தேடிய குற்றம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. பயம் மட்டுமே இருந்தது. அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பின் கும்பளங்கியிலிருந்தும் பிற கரைகளிலிருந்தும், ஆளைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் வந்தார்கள். சில நாளில் ‘வர’ படித்து, தங்கள் ஆளைத் தாங்களே வரைந்து, முறை வைத்துப் பார்த்துப் போனார்கள். “கீழே மிளகெல்லாம் ஈரத்துல பூசணம் பிடிக்கறதே,” என்று சிவராமகிருஷ்ணன் சலித்துக்கொண்டார். பிறகு மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றினார்.

நீலாம்பாளுக்கு மட்டும் படம் வரவில்லை. கல்யாணப் போட்டோவை அளந்து அவள் வரைந்த வாஞ்சிநாதன் காய்ந்த கோடுகளாகவே நின்றான்.

“நான் வரையட்டா, சேச்சி?” என்றாள் அம்மிணி.

அவள் தட்டத்தட்ட ஒரு முகம் எழுந்தது. நெற்றி சுருங்கி, கழுத்து நீண்டு, வாய் லேசாகத் திறந்து.

“இது அவர் இல்லை,” என்றாள் நீலாம்பாள்.

“அவருதான் சேச்சி. வாசல்ல தெனமும் இங்ஙனைதான் நிப்பாரு, நீங்க வர்ற வரைக்கும்.”

தண்ணீர் சொட்டியது. காத்திருக்கும் அந்த முகத்தை நீலாம்பாள் ஒருநாளும் கண்டதில்லை. அவளைக் கண்டதுமே அது மாறியிருக்கும்.

“என்னைப் பார்த்தப்புறம் எப்படி இருப்பார்?”

“அது எனக்குத் தெரியாது. நீங்க படி இறங்கினா நான் வீட்டுக்குப் போயிடுவேன்.”

வாஞ்சிநாதனின் கண்கள் அவளைத் தாண்டி வாசலைத் தேடின. நீலாம்பாள் வெளியே போய் மறுபடி உள்ளே வந்தாள். அந்தக் கண்கள் அவளிடம் நிலைக்கவில்லை. காத்திருப்பவன் கண்டுகொண்டவனாக மாறுவதற்கு ஒரு சொல் செய்ய அவள் வருஷக்கணக்கில் முயன்றாள். பம்பாயிலிருந்து வந்த நிபுணர்கள், இத்தனை சுலபமான படமொழியைப் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டு நனைந்த ஷூக்களோடு திரும்பினார்கள். அந்த ஒரு சொல் மட்டும் அமையவில்லை. அவள் தலையில் நரை விழுந்தது. திரையிலிருந்தவனுக்கு விழவில்லை.

1987-இல் புது மெஷின்கள் வந்தன. பழையதை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கம்பெனி அதைக் கீழே இறக்கி வைத்து, சொட்டும் தண்ணீர் வடியப் பின்புறம் காயல்வரை ஓடை வெட்டிவிட்டது. மழைக்காலத்தில் அந்த ஓடையில் கரிமீன் குஞ்சுகள் எதிர்த்து ஏறி வரும். கிடங்குப் பெண்கள் முண்டுத்துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவற்றை மிதிக்காமல் தாண்டி வேலைக்குப் போனார்கள்.