தள்ளிவிட ஆள் வேண்டாத வண்டி

காரின் பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குள் அவர் சின்னதாகிக்கொண்டே போகிறார், மஃப்ளரின் ஒரு முனை தோளிலிருந்து நழுவித் தொங்குகிறது, இரண்டு கைகளையும் வீசி, நிக்காத புள்ள, போ, போ என்று கத்துகிறார், பனி அவரை முழங்கால்வரை, இடுப்புவரை மறைத்துவிட்டது, நான் நிற்கவில்லை, நின்றால் வண்டியும் அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தள்ள வேண்டும். கோத்தகிரியில் எங்கள் வீட்டுச் சரிவில், கல்யாணமான புதிதிலிருந்து காலைகள் இப்படித்தான் விடிந்தன, குளிரில் விறைத்துக் கிடக்கும் பச்சைக் காரை என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ளுவார், நான் கிளட்சை மிதித்தபடி உருட்டிக்கொண்டு போவேன், இப்ப விடு என்று அவர் குரல் வந்ததும் காலை எடுப்பேன், வண்டி ஓர் உதறு உதறிக் கிளம்பும், நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இதற்காகத்தான், தள்ளுகிறவரே ஓட்டவும் முடியாதே. கீழே தேயிலை ஃபேக்டரி வாசலில் கொஞ்சம் சமதளம், இஞ்சின் சூடாகும்வரை அங்கே வட்டமடித்துக்கொண்டே இருப்பேன், அவர் ஓடிவந்து, உருண்டுகொண்டிருக்கும் வண்டியின் கதவைத் திறந்து தாவி ஏறுவார், மூச்சிரைக்கச் சிரிப்பார், பாத்தியா, நம்ம வண்டி கைவிடவே விடாது என்பார், கைவிடாதது யார் என்று எனக்குத் தெரியும், சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொன்னதில்லை.

எங்கள் மகள் சுகன்யா பின் சீட்டில் யூனிஃபார்மோடு மண்டியிட்டுத் திரும்பி, அப்பா வர்றாரும்மா, அப்பா வர்றாரும்மா என்கிறாள், அந்தக் குரல் முடிவதற்குள் வளர்ந்து, வேலைக்குப் போய், பெங்களூரிலிருந்து ஃபோனில் பேசுகிறாள், அம்மா, அந்த வண்டிக்கு இனிமே பார்ட்ஸே கிடைக்காது, மாத்தித் தொலைங்களேன் என்கிறாள், எனக்கு எல்லாம் ஒரே காலையாகத்தான் இருக்கிறது, அவர் தாவி ஏறுவது மட்டும் எப்போதோ நின்று, நான் வேகத்தைக் குறைக்கக் குறைக்க அவரும் குறைத்து, கடைசியில் நடந்துவந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறவராகிவிட்டார். ஒரு நாள் கண்ணாடியில் அவர் கை வீசவில்லை, முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து நிற்கிறார், நான் கீழே போய்த் திருப்பிக்கொண்டு பதறி மேலே ஏறி வருகிறேன், மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறார், உதடு நீலமாக இருக்கிறது, நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர்.

புது வண்டி பாத்துருவோம் புள்ள என்றார் அவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, எதுக்குங்க, இஞ்சினை இறக்கிப் பாக்கலாம், இல்லீன்னா தள்ளறதுக்கு ஆள் வெச்சுக்கலாம் என்று சண்டை பிடித்தேன், எனக்கு அந்தக் காரின்மேல் அப்படியொன்றும் பாசமில்லை, இதற்குச் சரி என்றால் இன்னொன்றுக்கும் சரி என்று தலையாட்டியதாகிவிடும், அந்தப் பயம்தான். நான் தள்ளாட்டியும் கெளம்பற வண்டி ஒன்னு உனக்கு வேணும், அவ்வளவுதான் என்றார்.

கோயம்புத்தூர் ஷோரூமில் டை கட்டிய ஒருவர் பெரிய திரையைக் காட்டுகிறார், பாட்டுப் போட்டுக் காட்டுகிறார், இவர் எதையும் பார்க்கவில்லை, பனியில மொதத் தடவையே ஸ்டார்ட் ஆகுமா, மேட்டுல நிறுத்தி எடுத்தா பின்னால போகுமா, நடுவழியில நின்னுபோச்சுன்னா ஆள் வருமா, பொம்பளையாளு தனியா இருந்தா எவ்வளவு நேரத்துல வருவீங்க என்று கேட்டுக்கொண்டே போகிறார், ஏன் சார், நீங்க ஓட்ட மாட்டீங்களா என்கிறார் டை கட்டியவர், எப்பவும் இவங்கதானுங்க ஓட்டறது, நான் பின்னால வருவேன் என்று இவர் சிரிக்கிறார், சிரிப்பு இருமலாகிறது, நான் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பச்சைக் காரை ஒரு லாரி வந்து கட்டி இழுத்துப்போனபோது அவர் வாசலுக்கு வரவில்லை.

புது வண்டியில் அவர் ஏறியது ஒரே ஒரு தடவை, சாய்ந்து படுத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, சத்தமே காணோமே, ஓடுதா புள்ள என்று கேட்டார், ஓடுதுங்க என்றேன், அப்படியே தூங்கிவிட்டார், மலையிறக்கம் முழுக்க வண்டி ஓர் இடத்தில்கூட முரண்டு பிடிக்கவில்லை, அவர் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்த மாதிரியே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டது, ஆனாலும் அவரைத் திரும்பக் கூட்டிவர முடியவில்லை. வழியில் நின்றுபோயிருந்தால் அதையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

இன்றைக்கும் வண்டியைச் சரிவில்தான், முகம் கீழே பார்க்கத்தான் நிறுத்தியிருக்கிறேன், அவசியமில்லை, பழக்கம், சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது, கொஞ்ச தூரம் இறங்கிக் கண்ணாடியைப் பார்க்கிறேன், பின்னால் வெள்ளையாகப் பனி, நிக்காத புள்ள, போ, போ, நான் பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன். நின்றாலும் இது அணையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உறுமாமல் காத்திருக்கும், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னால் அவருக்காக நிற்க முடிகிறது, எட்டி இடதுபக்கக் கதவைத் திறந்து வைக்கிறேன், குளிர் உள்ளே வருகிறது, பனி மெல்ல விலக விலகச் சரிவு வீட்டுக் கேட்வரை தெரிகிறது, யாரும் ஓடிவரவில்லை.