விருத்தாசலம் வைத்த ட்ரையல்

ஆட்களைக் கொம்பு சீவிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் விருத்தாசலத்துக்கு ஒரு தனி ருசி. திண்டிவனத்துக்கு வெளியே அவருடைய நிலம் ஒன்று வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. வாங்க வருகிறவர்கள் ரோட்டிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதை அழிக்க அவர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவன் பெரியதம்பி, பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கிற மிஷின் வைத்திருப்பவன். இன்னொருவன் ரஞ்சித், புதிதாகப் பேட்டரி மிஷின் வாங்கியவன். ரஞ்சித்தின் அக்கா அஸ்வினியைத்தான் பெரியதம்பி கட்டியிருக்கிறான். அது தெரிந்தேதான் கூப்பிட்டார்.

"எந்த மிஷினு நல்லதுன்னு எனக்கு என்னா தெரியும்? ரெண்டு பேரும் ட்ரையல் காட்டுங்க. எது ஜெயிக்குதோ அதுக்குத்தான் விக்கிரவாண்டிலேர்ந்து வல்லம் வரைக்கும் என் நெலத்து வேலை மொத்தமும்."

அஸ்வினி மட்டும்தான் புத்தியோடு பேசினாள். "ரெண்டு பேரும் ஒண்ணா போய்க் கேளுங்களேன். தடிமரத்துக்கு அவரு மிஷினு, கெளைக்கு உன் மிஷினு. யாரு வேணாங்கப் போறா?"

யார் கேட்டார்கள்? கல்யாணப் பந்தியில் முதல் இலை தனக்கா மாமனுக்கா என்று பார்க்கிறவன் ரஞ்சித். மச்சான் வந்தால் எழுந்து நின்றுவிடுவோமோ என்று கால்மேல் கால் போட்டுக்கொள்கிறவன் பெரியதம்பி. இருவரும் ஆளுக்கொரு மூலையில் முள்ளுக்குள் இறங்கினார்கள்.

பெரியதம்பியின் மிஷின் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது. புகை கண்ணைக் கரித்தது, கை மரத்துப்போனது, ஆனால் எத்தனை தடித்த மரமும் அதன் முன் நிற்கவில்லை. ரஞ்சித்தின் மிஷின் பூனை மாதிரி வேலை செய்தது. பட்டனை அழுத்தினால் போதும். மத்தியானம் பேட்டரி இறங்கிவிட்டால் மட்டும் மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போட்டுவிட்டு, மாமன் அறுத்துத் தள்ளுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் விருத்தாசலம் இளநீரோடு வருவார்.

"உன் மாமன் உன் மிஷின பொம்மைங்கிறான்பா," என்பார். அங்கிருந்து பெரியதம்பியிடம் போய், "வெறும் சத்தந்தான்னு சிரிக்கிறான் உன் மச்சான்," என்பார். இரண்டு பேரும் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த ஆளை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ட்ரையல், ட்ரையல் என்றே முக்கால்வாசி நிலம் ஓசியில் வெளுத்துவிட்டது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

பெட்ரோல் மிஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக்கூடாது. ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் இறுகிச் செத்துவிடும். பெரியதம்பிக்கு அளவு சரியாக வராது என்று தினமும் காலையில் அஸ்வினிதான் ஒரு தண்ணீர் பாட்டிலில் கலந்து கொடுப்பாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரஞ்சித்துக்கும் தெரியும்.

கடைசி வரிசை மீதி இருந்தது. பெரியதம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தான். ரஞ்சித் அந்தப் பாட்டிலை எடுத்து மண்ணில் கவிழ்த்தான். தன் பைக்கிலிருந்து வெறும் பெட்ரோலைப் பிடித்து நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

சாப்பிட்டு வந்து ஊற்றி ஓட்டிய கொஞ்ச நேரத்தில் மிஷின் கிறீச்சிட்டு நின்றது. ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு இழுக்க வரவில்லை. மிச்சத்தை ரஞ்சித் அறுத்து முடித்தான். பிறகு நல்ல பிள்ளையாக, செத்த மிஷினைத் தன் பைக்கிலேயே ஏற்றி மாமன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

பெரியதம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அஸ்வினியை அறைந்தான். இடுப்பில் இருந்த குழந்தை வீரிட்டது.

"போனப் பாத்துக்கினே ஆயில் ஊத்தாம கலந்தியா? என் பொழப்பே போச்சுடி."

"ஊத்துனேங்க."

இன்னொரு அறை விழுந்தது. ரஞ்சித் வாசலில் நின்று பைக் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். அஸ்வினி மிஷினோடு வந்திருந்த பாட்டிலில் மீதியிருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்தாள். வழவழப்பே இல்லை, சட்டென்று காய்ந்துவிட்டது. தம்பி நின்ற பக்கம் அவள் பார்த்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறந்துட்டேங்க," என்றாள்.

அப்பாடா என்று இருந்தது ரஞ்சித்துக்கு. அக்காவே மறந்துவிட்டேன் என்று சொன்ன பிறகு, தான் செய்தது நடக்கவே இல்லை என்றுகூட அவனுக்குத் தோன்றியது. மறுநாள் தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு விருத்தாசலத்தைப் பார்க்கப் போனான்.

"வேலையா? எங்கப்பா இருக்குது? அதான் மொத்தமும் சுத்தமாயிடுச்சே," என்று அவர் சிரித்தார். "வல்லத்துல புளியமரம் நிக்குது. அது உன் மிஷினுக்கு அடங்காது. உன் மாமன் மிஷினு நல்லாயிருந்தா ரெண்டு பேரையும் சேத்தே கூப்பிட்டிருப்பேன். இப்ப விழுப்புரத்துலேர்ந்து ஆள் வருது."

பெரியதம்பி இப்போது அந்த விழுப்புரத்து ஆட்களுக்குக் கிளை இழுத்துப் போடுகிறான். வேறொருவன் மிஷின் அலறும்போது அவன் முகத்தை யாராலும் பார்க்க முடியாது.

தை மாதம் திருவாமாத்தூர் கோயிலில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும். ரஞ்சித் சீர்த்தட்டோடு, புது வேட்டியில் வந்தான். அஸ்வினி சிரித்த முகமாகவே குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்தாள். பத்தர் வலது காதில் ஊசியை இறக்கினார். குழந்தை துடித்தது. ரஞ்சித் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சொந்தம் மொத்தமும் போனைத் தூக்கிப் படம் பிடித்தது.

குழந்தையின் கண்ணீரைத் துடைக்கிற மாதிரி அஸ்வினி குனிந்தாள். அவள் வாய் தம்பியின் காதருகே வந்தது.

"அன்னிக்கு ஆயில் ஊத்தித்தான்டா கலந்து குடுத்தேன். பாட்டில தொட்டுப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சு. அவருகிட்ட சொல்லியிருந்தா உன்ன வெட்டிப் போட்டிருப்பாரு. அதான் அடிய நான் வாங்கிக்கினேன்."

ரஞ்சித் குழந்தையோடு எழப் பார்த்தான். அஸ்வினி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"இன்னொரு காது பாக்கி இருக்குது," என்றாள். "அசையாம உக்காரு. எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க."